நட்சத்திரம் கட்டாத வீட்டுக்கு அப்பா வந்தார்

1950களின் நடுவில், எனக்குக் கல்யாணமான முதல் வருஷம் நடந்தது இது. எங்கள் ஊர் செங்கல்பட்டு. அப்பா ரயில்வேயில் கார்டு. என்னைக் கொடுத்த இடம் திருப்போரூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஒரு மணல் கிராமம். பஸ் திருப்போரூர் வரைக்கும்தான். அப்புறம் உப்பளங்களின் ஓரமாக நடந்துபோய், கடல் தண்ணீர் உள்ளே புகுந்து நிற்கும் கழியை ஓடத்தில் தாண்ட வேண்டும்.

இரண்டு வீடும் கிறிஸ்தவ வீடுதான். ஆனால் ஒரே மாதிரி வீடு இல்லை. அது எனக்கு டிசம்பர் பிறந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் டிசம்பர் மாதமே ஒரு திருவிழா. அப்பா சர்ச் பாடகர் குழுவில் தலைமைக் குரல். அவரே மூங்கில் சீவி, கலர் காகிதம் ஒட்டி நட்சத்திரம் செய்து வாசலில் கட்டுவார். அம்மா இல்லாத வீடு என்பதால் கேக்குக்கு மாவு கிளறுவதுகூட அவர்தான். அந்த நினைப்பில் நான் ஒருநாள் மாமியாரிடம், "நம்ம வீட்ல ஸ்டார் எப்ப கட்டுவீங்கம்மா?" என்று கேட்டேன்.

அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "நம்ம வூட்ல அதெல்லாம் கெடையாது கண்ணு. நாங்க கிறிஸ்மஸ் வெக்கறது இல்ல" என்றார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. வெங்காயம் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

அவர்கள் ஒரு சின்ன ஜெபக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். கோபுரம் கிடையாது, சிலுவை கிடையாது, ஓலைக் கொட்டகையில் ஞாயிறுதோறும் கூடி, வேதம் வாசித்து, ஆண்டவர் மரணத்தை நினைத்து அப்பம் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். பெண் பார்க்கும்போது அப்பாவுக்குப் பிடித்ததே அந்த எளிமைதான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். போதாதா? கிறிஸ்மஸ் கொண்டாடுவீர்களா என்று ஒரு கிறிஸ்தவ வீட்டில் யாராவது கேட்பார்களா?

பயம் அங்கேதான் ஆரம்பித்தது. கல்யாணமான முதல் கிறிஸ்மஸுக்குப் பெண் வீட்டார் சீர் கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். உப்பு ஏற்ற வந்த வண்டிக்காரர் மூலம் அப்பா எனக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். இருபத்தைந்தாம் தேதி காலை ஆராதனையைக்கூட விட்டுவிட்டுக் கிளம்பி வருகிறாராம். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாமனாரோ அதிகம் பேசாதவர், பேசினால் அதை மாற்றாதவர். இந்த இரண்டு பேரும் அந்த நாளில் ஒரு கூரையின் கீழ். சோறு இறங்கவில்லை எனக்கு. அப்பா வீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த இடத்திலா உன்னைக் கொடுத்தேன்?" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி கனவுகூட வந்தது.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "பயப்படாத. மத்தியானம் நான் ஓடத் தொறைக்குப் போயி நிக்கறேன். வர்ற வழியிலயே மாமாகிட்ட பக்குவமா சொல்லிடறேன்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் நாட்கள் ஓடின.

அந்த நாளும் வந்தது. விடியற்காலையிலிருந்தே மழை. பக்கத்து மீனவக் குப்பத்தில் வெடிச் சத்தம். மாமனார் வீட்டில் எப்போதும் போலக் கஞ்சி, எப்போதும் போலத் துணி. மாமனார் மழை விட்டதும் அரிவாளோடு சவுக்குத் தோப்புக்குப் போய்விட்டார். நான் பழைய புடவையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, செங்கல்பட்டில் இந்நேரம் மணி அடிப்பார்கள் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மத்தியானம் துறைக்குப் போன என் வீட்டுக்காரர் போன வேகத்திலேயே திரும்பி ஓடிவந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது.

"ஓடக்காரன் இல்ல. கோவளம் மாதா கோயிலுக்குக் கிறிஸ்மஸ் பூசைக்குப் போய்ட்டானாம். ஓடத்த இந்தக் கரையில கட்டிட்டுப் போய்கிறான். மேக்க பெஞ்ச மழையில தண்ணி ஏறிகினு கீது. இன்னிக்கி லீவுன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு!"

உண்மைதான். பண்டிகைக்காக வேலையை நிறுத்தும் பழக்கமே அந்த வீட்டில் இல்லை. பண்டிகை வைக்கிற வீட்டில் பிறந்த எனக்கும், ஓடக்காரருக்குப் பண்டிகை இருக்கும் என்று தோன்றவில்லை.

எனக்குப் பளிச்சென்று ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் கல்யாணம் வைகாசியில். அப்போது கழியில் முழங்கால் தண்ணீர்தான். சொந்தக்காரர்கள் எல்லாரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரித்துக்கொண்டே நடந்து கடந்தோம். அப்பாவுக்குத் தெரிந்த கழி அதுதான். ஓடம் இல்லை என்றால் அவர் திரும்பிப் போகிற ஆள் இல்லை.

"அப்பா எறங்கிடுவார்!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில்தான் மாமியாருக்கே விஷயம் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை, எதற்கு வருகிறார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோப்புப் பக்கம் திரும்பி மாமனாரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்.

துறையில் போய் நின்றபோது நான் பயந்தது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. நடுக் கழியில், தண்ணீரில் மூழ்கிய ஒரு சேற்றுத் திட்டின்மேல் அப்பா. ரயில்வே கறுப்புக் கோட்டு. தலைமேல் ஒரு தகரப் பெட்டி, அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பாதி தூரம் வந்த பிறகு முன்னாலும் ஆழம், பின்னாலும் ஆழம். தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனது. இடுப்பு வரை இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றுக்கு ஏறியது.

"பொட்டிய வுட்டுடு சம்பந்தி! கீழ போட்டுடு!" என்று தோப்பிலிருந்து ஓடிவந்த மாமனார் கத்தினார். அப்பா விடவில்லை. மகளுக்குக் கொண்டுவந்ததை எப்படி விடுவார்?

மாமனார் ஓடத்தின் கயிற்றை அரிவாளால் வெட்டினார். தள்ளுகிற மூங்கிலை ஓடக்காரர் எடுத்துப் போயிருந்தார். ஒரு சவுக்குக் கம்பை ஊன்றி அப்பனும் பிள்ளையும் தள்ளினார்கள். ஓடம் நேராகப் போகாமல் கடல் பக்கமாகவே ஒதுங்கியது. நான் கரையில் மண்டிபோட்டு மணலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமியார் என் தோளைப் பிடித்திருந்தார்.

ஓடம் கிட்டே போவதற்குள் திட்டு சரிந்தது. பெட்டி விழுந்தது. அப்பாவின் தலை மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. மாமனார் அப்படியே குதித்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பப் பார்க்கும்போது, அவர் ஒரு கையால் ஓடத்தின் விளிம்பையும் இன்னொரு கையால் கோட்டுக் காலரையும் பிடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அப்பாவை உள்ளே இழுத்துப்போட்டார். பெட்டி கடலைப் பார்த்துப் போய்விட்டது.

வீட்டில் அடுப்பெதிரே அப்பாவை உட்காரவைத்து, மாமனாரின் உலர்ந்த வேட்டியும் கம்பளியும் கொடுத்தார்கள். சுக்குத் தண்ணீர் உள்ளே போனதும் அப்பாவுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் கண் சுற்றிலும் போனது. வாசலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என் பழைய புடவையைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்ன நாள்னு இந்த வீட்ல யாருக்கும் தெரியாதா?"

அவ்வளவு நாள் எதற்குப் பயந்தேனோ அது இதோ வந்துவிட்டது.

மாமனார் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "தெரியும் சம்பந்தி. நாங்க வெக்கறது இல்ல."

"ஆண்டவர் பிறந்ததை நம்பாதவங்களா நீங்க?"

"நம்பாம எப்படி? அவர் பொறக்கலன்னா எனக்கு இன்னா கீது? வேதத்துல தேடித் தேடிப் பாத்தேன். தேதி இல்ல. பொறந்த நாள வெக்கச் சொல்லி ஒரு வார்த்த இல்ல. என் மரணத்த நெனச்சுக்கோங்கன்னு சொல்லிகிறாரு, அத ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம செய்யறோம். சொன்னத செய்யறதுக்கே எனக்கு பலம் பத்தல. சொல்லாதத நானா சேத்துக்க பயமா கீது. செய்யறவங்கள நான் தப்பு சொல்லல. என் மனசாட்சிக்கு ஒத்துக்கல, அவ்ளோதான்."

"அது உங்களுக்கு. என் பொண்ணுக்கு? அவ இருட்டுல உக்காந்துகிட்டு அழணுமா?" அப்பா எழுந்துகொண்டார். "கிளம்பும்மா" என்றார் என்னைப் பார்த்து.

நான் யார் முகத்தைப் பார்ப்பேன்? அப்போது மாமியார் அடுப்பை விட்டு எழுந்து வந்தார்.

"அண்ணா, உக்காருங்க. நானும் கிறிஸ்மஸ் வெக்கற வூட்லேர்ந்து வந்தவதான். மொத வருஷம் கெணத்தடியில போய் அழுதேன். அதனாலதான் இவ கண்ணு செவந்திருந்தப்ப எனக்குத் தெரிஞ்சுது. அவளே வாயத் தொறந்து கேக்கட்டும்னு இருந்தேன். கேட்டிருந்தா நானே செங்கல்பட்டுக்கு அனுப்பி வெச்சிருப்பேன். எங்க மனசாட்சிய அவ தலையில கட்டறதுக்கு நாங்க யாரு?"

அப்பாவின் பார்வை கீழே போனது. மாமனாரின் பாதத்தில் சிப்பி கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அப்பா, தலை துவட்டத் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து, குனிந்து, அந்தக் காலில் சுற்றிக் கட்டினார். கட்டிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு சின்னக் குரலில் கேட்டார். "வருஷா வருஷம் இன்னிக்குப் பாடுவேன். இன்னிக்குப் பாடல. இங்க பாடலாமா, அதுவும் கூடாதா?"

"பாட்டுக்கு நாளு எதுக்கு சம்பந்தி? பாடு."

பல் தந்தியடிக்க, அப்பா ஆண்டவர் பிறந்த பாட்டையே ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. மாமனார்! கடைசிச் சரணம் வரை அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பா ஆச்சரியமாகப் பார்த்தார். "சித்திர வெயில்ல மரம் வெட்டறப்ப கூட இதப் பாடிகினுதான் கீறேன்" என்றார் மாமனார். அப்பா சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அன்று வந்த அழுகையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

யாரும் மாறவில்லை. மாமனார், மாமியார் கடைசி வரை அந்த நாளை மற்ற நாளைப் போலவே கழித்தார்கள். எங்கள் அப்பா கடைசி வரை டிசம்பரில் மூங்கில் சீவினார். நான் வருஷம் தவறாமல் செங்கல்பட்டுக்குப் போய் வந்தேன். ஓடக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து, துறை வரை கூட வந்து ஏற்றிவிட்டது மாமியார்தான்.

இப்போதும் யாராவது ஒரு விசேஷத்துக்கு வரமாட்டேன் என்று ஒதுங்கினால், என் வீட்டுப் பிள்ளைகள் சட்டென்று கோபப்படுவார்கள். எனக்கு மட்டும், கேட்காமலே நான் அந்த மாதம் முழுக்கப் பயந்து செத்தது நினைவுக்கு வந்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏன் என்று மெதுவாகக் கேட்கத் தோன்றுகிறது.