அக்கா வேகவைத்த டேலியா

என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலைக்குப் போனதும், ஏற்காட்டில் எங்கள் வீட்டு டேலியாச் செடிகள் என் தலையில் விழுந்தன. "மார்கழிப் பனியில செடி கருகினதும் கெழங்கத் தோண்டி எடுத்துருங்க. மண்ணுல உட்டா அழுகிப்போயிரும். கழுத்துல இருக்கற மொளை ஒடையக் கூடாதுங்க" என்று போனில் பாடம் நடத்தினாள். எனக்குப் பூ என்றால் பூ, அவ்வளவுதான். அவள் சொன்னாளே என்று செய்தேன்.

தோண்டி, மண் உதறி, நிழலில் உலர்த்தி, எஸ்டேட்டிலிருந்து அள்ளி வந்த காய்ந்த காப்பித்தோலோடு கோணிப்பையில் போட்டுப் பரணில் ஏற்றினேன். ஞாயிறுதோறும் வீடியோ காலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். "அந்த ஓரத்துக் கெழங்கு சுருங்கிப்போச்சுங்க, துளி தண்ணி தெளிங்க" என்பாள். என் முகம் சுருங்கிக் கிடந்தது மட்டும் அம்மணியின் கண்ணில் படவே இல்லை! இருந்தாலும் அந்த ஞாயிறுக்காகத்தான் வாரம் முழுக்கக் கிடந்து தவித்தேன். பூக்கிற சமயம் லீவில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

பொங்கலுக்குச் சேலத்திலிருந்து அக்கா வந்தாள். காலையில் நான் சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால், வீடெல்லாம் கிழங்கு வெந்த வாசம்.

"ஏங் கண்ணு, பரண்ல இத்தன சக்கரவள்ளிய வெச்சுக்கிட்டா பொங்கலுக்குக் கெழங்கு வாங்கலைன்னு சொன்னே? ஆனா நொம்பச் சப்புன்னு இருக்குது" என்றாள் அக்கா, மென்றபடியே.

பரணுக்கு ஓடினேன். ஒன்றுகூட மிச்சமில்லை. நல்ல நாளும் அதுவுமாய் அக்காவை என்னவென்று திட்டுவது?

ஞாயிறு வந்ததும் வெறும் கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூ இல்லையென்றால் இவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று ஒரு கிறுக்கு நினைப்பு வேறு. விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏனுங்க, நீங்களுமா தின்னீங்க?"

"அக்கா தட்டுல வெச்சுட்டாளே!" என்றேன்.

இன்னும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! பக்கத்தில் இருக்கக் கூடாதா என்று ஏங்கிப்போனேன்.

சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போவுது உடுங்க. எனக்கு இந்த வருசம் லீவு இல்லைன்னு முன்னாடியே சொல்லிப்போட்டாங்க. வாராவாரம் நீங்க அத்தன ஆசையாப் பையத் தொறந்து காட்டறப்ப, எப்படிங்க சொல்லுவேன்?"

அதற்குப் பிறகும் வெகுநேரம் இரண்டு பேரும் போனை வைக்கவே இல்லை.