மூடி வைத்த சோறு

நாடகத்தில் மூன்றாம் காட்சி வந்ததும் நாகையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். "எதுத்தாப்ல இருக்கவுக மொகம் தெரிஞ்சா எனக்கு வசனம் வராதுங்க" என்கிறார்.

அருப்புக்கோட்டையில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. முழங்கை வரைக்கும் நீலம். வருஷாவருஷம் கோயில் திருவிழாவில் இவருடைய ஒரே நாடகம்தான். எழுதியவரும் இவர், கதாநாயகனும் இவர். கட்டியவளை விட்டு இன்னொருத்தியிடம் போகிறவனின் கதை. மேடை நடுவே, தட்டால் மூடிய சோற்றுக் கும்பா ஒன்று முதல் காட்சியிலிருந்தே இருக்கும். கடைசியில் அவன் திரும்பி வந்து அதைத் திறக்கும்போது மனைவி செத்துக் கிடப்பாள்.

"அந்தக் கும்பாதான்யா அவ. அம்புட்டுப் பொறுமை" என்று வீரபத்திரனுக்கு விளக்குவார். மனைவி வேடம் வீரபத்திரனுக்கு. தறி நெய்கிறவர், திருவிழாவன்றுதான் மீசையை எடுப்பார்.

கதை எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். பந்தல்குடி ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தங்கத்தாய் வீட்டில் மூன்று வருஷம் கிடந்தார் நாகையா. மனைவி பாலாமணி மல்லாங்கிணற்றில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். புத்தி வந்து நாகையா இரண்டு முறை கூப்பிடப் போனார், பாலாமணி வரவில்லை. அவர் போய் ஒன்பது வருஷமாகிறது.

இந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாயப்பட்டறையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது பாலாமணி வாசலில் வந்து நின்றார். அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர். உள்ளே வீரபத்திரன் மீசையோடு கும்பாவின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பத்திரிகையை நீட்டினார் பாலாமணி. வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். அன்று அவர் பேசியது தமிழில், அயலாரிடம் பேசுவதுபோல.

"சோத்த மூடி வச்சதெல்லாம் மொத மாசந்தான். பெறகு எனக்கு மட்டுந்தான் ஒலை வச்சேன்."

"தப்புத்தான் பாலா. அதத்தான வருசா வருசம் எல்லாரு முன்னாலயும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"ஊருக்குச் சொன்னீக."

பாலாமணி கிளம்பியதும், நாகையா பஸ் நிற்கும் இடம்வரை பின்னாலேயே நடந்தார். பஸ் வந்ததும், "திருவிழாவுக்கு வாரியா? நாடகம் பாக்கலாம்" என்றார்.

"அதான் பாத்தாச்சே" என்று சொல்லிவிட்டுப் பாலாமணி ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பஸ் நகர்ந்தது. நாகையா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் கண்ணுக்கு மறையும்வரை வெயிலில் நின்றார்.