காது நுனியில் ஒரு புண்

பள்ளிக்கூடம் எனக்குப் பிடிக்கவில்லை, எங்கள் சல்லி ஊர்க் கடல்தான் பிடித்தது. மீன்பிடித்தே கறுத்தவன் நான். என் காது நுனியில் இருந்த புண்ணை, நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் சலூன்காரர்தான் முதலில் கண்டார்.

"வெயில் படுற இடம், ரெண்டு மாசமா ஆறேல்ல தம்பி. டொக்டரிட்டக் காட்டுங்க."

"வெயில் என்னைக் கண்டால் பயப்படும் நானா. நீங்க கண்ணாடி போடுங்க!" என்று சொல்லிவிட்டு, ரோசத்தில் வேறு சலூனுக்கு மாறினேன்.

ஒரு மாதம் கழித்து, கடையைப் பூட்டிவிட்டு அவரே கரைக்கு வந்து நின்றார். "சைக்கிள்ல ஏறுங்க. கோவத்தை ஆஸ்பத்திரியில வச்சுக் காட்டுங்க."

தோல் புற்றுநோய். "வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் வருசக்கணக்கா தோலைக் கெடுக்கும். கடல் தண்ணியும் அதைத் திருப்பி அடிக்கும். கறுப்புத் தோலுக்குக் குறைவு, ஆனா வராதெண்டில்லை" என்றார் டொக்டர். நல்லகாலம், நுனியை மட்டும் வெட்டினார்கள்.

இப்போது அகலத் தொப்பி, நீளக்கைச் சட்டை, முகத்துக்குக் கிறீம். "கலியாணத்துக்கும் நீங்கள் இவ்வளவு பூசேல்ல" என்கிறாள் மனைவி.

நானாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "கதையை விட்டிட்டுக் கதிரையில இருங்க" என்றவர், தையல் போட்ட காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு முடி வெட்டினார்.

அம்மா அந்தக் காதைத் திருகத்தான் பிடித்திருக்கிறாள். இவ்வளவு பத்திரமாகப் பிடித்த முதல் ஆள் அவர்தான்.