நான் வழிமொழிஞ்ச தீர்மானம்

எங்கட ஊர் அபிவிருத்திச் சங்கத்தில வழிமொழியிறது என்ர வேலை. ஒருத்தரும் தந்த பதவியில்லை. முன்வரிசைக் கதிரையில இருக்கிறனான், குரலும் பெரிசு, அவ்வளவுதான். ஆரும் ஒண்டை முன்மொழிஞ்சா, செபத்துக்கு ஆமென் சொல்லுற மாதிரி "வழிமொழியிறன்" எண்டுடுவன். சொன்னாத்தான் கூட்டம் கெதியா முடியும். முடிஞ்சாத்தான் நான் போய்க் கருவாடு பிரட்டலாம்.

கருவாடு காயப்போடுறது கோயிலுக்குப் பக்கத்துத் திடலில. நல்ல காத்து, நல்ல வெயில். பழைய வலையை விரிச்சுச் சூடை மீனைப் பரப்பினா இரண்டு நாளில காய்ஞ்சிடும். என்ர மனுசன் கடலுக்குப் போறதை விட்ட பிறகு எங்கட அடுப்பு எரியிறது அதாலதான். பிள்ளையள் பந்தோட வந்தா நான் வாயைத் திறப்பன். இரண்டாந்தரம் திறக்க வேண்டி வாறேல்ல.

போன வருசம் அரசாங்கக் கந்தோரில இருந்து ஒரு உத்தியோகத்தர் தங்கச்சி வந்து, இனிச் சங்கக் கூட்டத்தில சிறுவர் கழகத்துப் பிள்ளையளும் இருக்கோணும், அவையின்ர கதையும் கேக்கோணும் எண்டா. தலைவர் ஓம் எண்டார். நாங்களும் ஓம் எண்டம். இரண்டு கதிரையும் ஒரு பிஸ்கற் பெட்டியும் போட்டா அலுவல் முடிஞ்சுது எண்டு நினைச்சம்.

முதல் கூட்டத்துக்கு வந்த இரண்டு பேரில ஒண்டு என்ர மகள். பன்னிரண்டு வயசு. எழும்பி நிண்டு கொப்பியைப் பார்த்து என்னமோ வாசிச்சாள். நான் யன்னலால வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன். தெற்கால முசலிப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு வருது, என்ர சூடை முழுக்க வெளியில கிடக்குது.

"ஆர் வழிமொழியிறது?" எண்டார் தலைவர்.

"நான் வழிமொழியிறன்."

தலைவர் கண்ணாடியைக் கழட்டினார்.

"அக்கா, திடலில கருவாடு காயப்போடக் கூடாது எண்டுதான் பிள்ளை கேட்டது. அங்க காயப்போடுறது நீங்கள் மட்டும்தானே?"

ஐயோ மாதாவே! நான் மறுமொழி தேட முதல் மகள் சொன்னாள். முகத்தில கோவமே இல்லை.

"எழுதாதேங்கோ ஐயா. அம்மா கேக்கேல்ல. சும்மா சொன்னவ."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். நானும் சிரிச்சன். வெக்கத்தில காது சுட்டுது.

"திரும்ப வாசி" எண்டன்.

வாசிச்சாள். திடலில ஏச்சு விழுறதால பிள்ளையள் பெரிய றோட்டில விளையாடுகினமாம். பஸ் வந்தா ஒராள் கத்துவாராம், மற்றவை ஓடுவினமாம். ஒருநாள் பந்தெடுக்க ஓடின சின்னவன்ர செருப்பில பஸ் ஏறினதாம். செருப்பில மட்டும்தானாம்.

ஒருத்தரும் சிரிக்கேல்ல.

"வாபஸ் வாங்கிறீங்களோ அக்கா?" தலைவர் மெதுவாக் கேட்டார்.

"எழுதுங்கோ. இந்தமுறை கேட்டுத்தான் சொல்லுறன்."

மழைக்கு முதல் நானும் மகளுமாப் போய் வலையைச் சுருட்டினம். இனி வீட்டு முத்தத்திலதான் காயப்போடோணும். வேலி காத்தை மறைக்கும், நாலு நாள் எடுக்கும், காகத்தின்ர தொல்லையும் கூட. எனக்கு விசர் வந்துது.

"இதை வீட்டில வைச்சுச் சொல்லியிருக்கலாமே? ஊர் முழுக்கக் கூட்டியோ சொல்லோணும்?"

"வீட்டிலயும் சொன்னனான் அம்மா. இரண்டு தரம்." வலையின்ர மற்றத் தலைப்பை இழுத்து என்ர கையில தந்தாள். "நீங்கள் ஓம் எண்டனீங்கள்."