கை தட்டாத மண்டபமும் மாமாவின் பொன்னாடையும்

என் மாமாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. சில காலம் சுவிஸில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர் என்பதால், வெள்ளைக்காரரின் சங்கீதமும் அதில் அடக்கம். எங்கள் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த பிலிப்பைன்ஸ்காரர் தன் கச்சேரிக்கு எங்களை அழைத்தபோது, மாமாவே தலைமை தாங்கிப் புறப்பட்டார்.

மணிலாவில் ஊர் பாண்டு வாத்தியத்தில் புல்லாங்குழல் பிடித்து, உல்லாசக் கப்பல்களில் வாசித்து, லண்டனில் ஒரு பெரிய வாத்தியக் குழுவில் வந்து சேர்ந்தவர் அவர். அன்று மாலைதான் முதன்முதலாக அந்தக் குழுவின் முன்னே நின்று, கோலை அசைத்து அதை நடத்தப் போகிறார். நன்றாக நடத்தினால் அந்தப் பதவி அவருக்கே. தேர்ந்தெடுப்பவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறியதிலிருந்து அம்மா இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நான் வாயே திறக்கக் கூடாது என்றார். மாமாவிடமும் சொல்லியிருக்கலாம்.

முதல் பகுதி முடிந்தது. மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இந்த ஊரில் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகுதான் கை தட்டுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"ஒருத்தரும் கை தட்டேல்லை. பாவம் மனிசன், தனிய நிக்கிறார்," என்றார்.

நான் பிடித்து நிறுத்துவதற்குள், கோட்டுக்குள்ளிருந்து பொன்னாடையை எடுத்துக்கொண்டு மேடையேறிவிட்டார். கோயில் விழாக்களில் எத்தனையோ பேருக்குப் போர்த்திய கை அது. அடுத்த பகுதிக்காக உயர்த்திய கோலோடு பிலிப்பைன்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவருடைய பதவியும் போயிற்று என்று நினைத்தேன்.

அவரோ கோலைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். மாமா சாவகாசமாகப் போர்த்திவிட்டு இறங்கினார். ஜரிகை மின்ன, அந்தப் பொன்னாடையோடே மிச்சம் முழுவதையும் அவர் நடத்தினார். அப்படி ஒரு சங்கீதத்தை நான் அதுவரை கேட்டதில்லை. கடைசியில் மண்டபமே எழுந்து கை தட்டியது.

கச்சேரி முடிந்து வாசலுக்கு வந்தபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், மேடையேறியவர் யார் என்று பிலிப்பைன்ஸ்காரரிடம் கேட்டார். மாமா மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"என்ரை அண்ணை," என்றார் பிலிப்பைன்ஸ்காரர், எங்கள் வீட்டில் பொறுக்கிய தமிழில். பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

எனக்குப் பொய் பிடிக்காது. இவர் என் அம்மாவின் அண்ணன், எனக்குத்தான் மாமா, அவருக்கு ஒன்றுமே இல்லை என்று பெரியவருக்குத் தெளிவாக விளக்கினேன். பெரியவர் சிரித்தார். பிலிப்பைன்ஸ்காரர் பொன்னாடையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பதவி அவருக்கே கிடைத்தது. காரணம் அவருடைய திறமைதான். மாமாவைக் கேட்டால் வேறு சொல்வார். அன்று வாசலில் மற்ற வாத்தியக்காரர்களுக்காக மனைவி, பிள்ளைகள், தாய், தகப்பன் என்று எத்தனையோ பேர் பூச்செண்டுகளோடு காத்திருந்தார்கள். அவர்களை எல்லாம் நான் பார்த்தேன். அவருக்கென்று வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.