அரைக்கா, தரைக்கா

துறைமுகத்துக்கு மேலே ஒரு குன்று. குன்றின் உச்சியில் ஒரு கொடிமரம். அதன் காலடியில் ஓர் அறை, அறைக்குள் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு கறுப்பு ஃபோன். அந்தக் கொடிமரத்தின் கயிற்றை இருபத்தாறு வருஷமாகப் பிடித்திருந்தவரை ஊரே கயிற்றுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் பதிவேட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் வந்தது கப்பலில் சேர. மார்பளவு ஓர் அங்குலம் குறைந்துபோயிற்று. வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாமென்று நினைத்தார்களோ என்னவோ, கையில் கயிற்றைக் கொடுத்துக் குன்றின்மேல் ஏற்றிவிட்டார்கள். அன்றுமுதல் சூரியன் கடலைவிட்டு எழும்பியதும் கொடியை ஏற்றுவார், சூரியன் சாய்ந்ததும் இறக்குவார். காய்ச்சலென்றும் கல்யாணமென்றும் அவர் ஒரு நாள் தவறியது கிடையாது. கீழே வீட்டில் அவர் மனைவி அடுப்படி ஜன்னலிலிருந்து அந்தக் கொடியைப் பார்த்துத்தான் உலை வைப்பாள், விளக்கேற்றுவாள். கடிகாரம் நின்றாலும் அவர் நிற்க மாட்டார் என்பது அவள் கணக்கு.

அப்பனுக்குக் குறைந்த அங்குலத்தைச் சேர்த்துக்கொண்டே பிறந்தான் மகன். ரோந்துக் கப்பலில் சேர்ந்தான். முன்பக்கத்துப் பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுக்கும் வேலை. பீரங்கியைத் திருப்புகிறவன் வேறு, சுடுகிறவன் வேறு. இவன் தூக்கிக் கொடுத்தால்தான் அவர்களுக்கு வேலை. கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம் மகன் முதலில் பார்ப்பது குன்றைத்தான். அப்பா இருக்கிறாரா என்று பார்க்கத் தூரக்கண்ணாடி வேண்டியதில்லை, கொடி இருந்தால் அப்பா இருக்கிறார்.

அந்த நாள் காலையில் மகன் சாப்பிட உட்கார்ந்து இரண்டு வாய் வைத்திருப்பான். சைக்கிளில் ஒருவன் வந்து தெருமுனையில் நின்றபடியே கடற்படைக்காரர்கள் எல்லோரும் உடனே கப்பலுக்கு வரவேண்டும் என்று கத்திவிட்டுப் போனான். எதற்கு என்று அவனுக்கும் தெரியாது. மகன் கையைக் கழுவாமலே ஓடினான். அரைமணிக்குள் அங்கிருந்த மூன்று ரோந்துக் கப்பலும் சங்குகூட ஊதாமல் துறைமுகத்தைவிட்டு வெளியேறின. குன்றில் நின்ற கயிற்றுக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பயிற்சியென்றால் முந்தின நாளே சொல்வார்கள். புயலென்றால் வானம் கழுவிவிட்ட தட்டுமாதிரி இருக்கிறது.

குன்றுக்குப் பொறுப்பான அதிகாரி மூன்று வாரத்துக்கு முன்னால்தான் மாற்றலாகி வந்தவர். மீசையைக் கத்தரித்து வைத்திருப்பதிலிருந்து பேனாவை மூடி வைப்பதுவரை எல்லாம் ஒழுங்கு. அவரும் என்னவென்று கேட்டுவர அலைதடுப்புச் சுவர்ப் பக்கம் இறங்கிப் போனார். அவர் போன சமயம் பார்த்துத்தான் ஃபோன் அடித்தது.

ஃபோனுக்குள் யாரோ அப்பளம் நொறுக்குவதுமாதிரி இரைச்சல். அதற்கு நடுவே ஓர் ஆண் குரல், அவசரமாக: தலைவர் இறங்கிட்டார், கொடியைத் தரைக்கு இறக்கு. அவ்வளவுதான் கயிற்றுக்காரர் காதில் விழுந்தது. உத்தரவு வந்தால் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது அவருக்குப் பாலபாடம். திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் ஃபோன் செத்துவிட்டது.

நாட்டுத் தலைவர் பதவியைவிட்டு இறங்கினால் கொடியை எதற்கு இறக்க வேண்டும்? யோசித்துப் பார்த்தார். புது ஆள் வந்தால் புதுக்கொடி கொண்டுவருவார்களோ என்னவோ. கேட்கத் தோன்றியது, கேட்க ஆளில்லை. தரைக்கு என்றால் தரைக்கு. கொடியை இறக்கினார், மூலைகளைச் சேர்த்து மடித்தார், மேஜைமேல் வைத்தார். மடிக்கும்போது கை கூசியது என்று பிற்பாடு சொன்னார். பட்டப்பகலில் அந்தத் துணியை அவர் மடித்ததே இல்லை.

அதிகாரி மூச்சு வாங்க மேலே வந்து மொட்டை மரத்தைப் பார்த்தார். யார் சொல்லி இறக்கினீர்கள் என்று கேட்டார். ஃபோன் சொன்னது என்றார் கயிற்றுக்காரர். அதிகாரி ஃபோனை எடுத்தார், தட்டினார், உதறினார். உயிரில்லை. ரேடியோவைத் திருகினார். எந்தப் பக்கம் திருகினாலும் பேச்சே இல்லாமல் வெறும் வாத்திய இசை இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கடலில் ஒரு கப்பல் திரும்பி வந்து தூரத்தில் நின்றது. மகனுடைய கப்பல். அதன் மேல்தட்டிலிருந்து விளக்கு மின்னி மின்னி அணைந்தது. அதிகாரி ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். துறைமுகம் யார் கையில் என்று கேட்கிறார்கள். அவர் அறையிலிருந்த விளக்கை எடுத்து, நம் கையில் என்று பதில் மின்னவைத்தார். கப்பல் மறுபடி மின்னியது. நம் என்றால் யார்?

அதிகாரிக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கப்பல்களுக்குப் போன உத்தரவு என்னவென்று பிற்பாடுதான் தெரிந்தது. வயர்லெஸ்ஸில் யார் என்ன சொன்னாலும் நம்பாதே, எதிரிகூடப் பேசலாம். குன்றில் கொடி இருந்தால் துறைமுகம் நம்முடையது. கொடி இல்லாவிட்டால் துறைமுகம் போய்விட்டது. கயிற்றுக்காரருக்கு மட்டும் இதை யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை விளக்கு மின்னியது. கொடியைக் காட்டுங்கள், பத்து நிமிடம் தருகிறோம். கூடவே முன்பக்கத்துப் பீரங்கி மெதுவாகத் திரும்பி, வெயிலில் ஒரு கம்பிபோல நீண்டு, கடைசியில் ஒரு புள்ளியாகச் சுருங்கியது. பீரங்கி புள்ளியாகத் தெரிந்தால் அது நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம்.

சாவுக்குக் கயிற்றுக்காரர் பயந்தவரில்லை. அந்தப் பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுப்பது யார் என்று நினைத்துத்தான் கலங்கினார். ஏற்றிவிடலாம் சார் என்றார். அதிகாரி முடியாது என்றார். இறக்கச் சொன்னவர்களே இப்போது அரசாங்கமாக இருந்தால் ஏற்றுவது துரோகம். இல்லையென்றால் இறக்கியதே துரோகம். எழுத்தில் உத்தரவு வரும்வரை கயிற்றை யாரும் தொடக்கூடாது. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

இந்த நேரத்தில் கையில் சாப்பாட்டு டப்பாவோடு மேலே வந்து நின்றாள் மனைவி. சாப்பாட்டு நேரமில்லை. ஜன்னலில் கொடி காணாமல்போனதும், கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

“என்னங்க, கொடியைத் துவைக்கப் போட்டுட்டீங்களா?”

“உத்தரவு. தலைவர் இறங்கிட்டாராம்.”

“இறங்கிட்டாரா? யாரு சொன்னா? காலையில கூட்டத்துல சுட்டுட்டாங்க. போலீஸ் வண்டி தெருத்தெருவா மைக்ல சொல்லிட்டுப் போகுது. கடையெல்லாம் மூடிட்டாங்க.” டப்பாவைக் கீழே வைத்தாள். “மனுஷன் இறங்கலைங்க. இறந்துட்டார்.”

இறங்கிட்டார், இறந்துட்டார் என்று உதட்டுக்குள் கயிற்றுக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒன்று அப்படித் திரிந்திருந்தால் இன்னொன்றும் திரிந்திருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய தளபதி இறந்தபோது அவர்தான் கொடியைப் பாதிக்கு இறக்கினார். அப்போது ஃபோனில் தலைமை அலுவலகத்துக் குமாஸ்தா சொன்ன வார்த்தை அவருக்கு நினைவு வந்தது.

“சார், செத்தா அரைக்கு. தோத்தாத்தான் தரைக்கு. அவன் அரைக்கு இறக்குன்னு சொல்லியிருக்கான் சார்.”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பெரியவரே, உங்க காதுல என்ன விழுந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க.”

இங்கே அரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அதிகாரியும் அதற்காகவே காத்திருந்தமாதிரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஆனால் கயிற்றுக்காரருக்கு வளையத் தெரியாது.

“விழுந்தது தரை சார். சொன்னது அரை.”

“இதை நான் எப்படிங்க எழுதறது?”

“எழுதறது அப்புறம் இருக்கட்டும்,” என்றாள் மனைவி. “அங்க என் பிள்ளை இருக்கான். அவன் கையால அவன் அப்பனைச் சுட வைக்காதீங்க. நீங்க நல்லாயிருப்பீங்க, கயித்தைத் தொட விடுங்க.”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் ஏழு போயிருந்தது. பைனாகுலரை எடுத்துக் கப்பலைப் பார்த்தார். பிறகு, கப்பலின் கொடி பாதியில்தான் நிற்கிறது என்றார். இறந்தவரைப் பற்றிக் கப்பலுக்கும் தெரியும் என்றால், பாதிக்கொடி அங்கே புரியும். மேஜைமேல் இருந்த கொடியைத் தன் கையாலேயே எடுத்துக் கயிற்றுக்காரரிடம் நீட்டினார்.

கொடியைத் தரையிலிருந்து நேராகப் பாதிக்கு ஏற்றக்கூடாது. உச்சிவரை கொண்டுபோய், நிறுத்தி, பிறகுதான் பாதிக்கு இறக்கவேண்டும். அதுதான் முறை. கயிற்றுக்காரர் உச்சிக்கு ஏற்றினார். கடலில் அந்தப் புள்ளி மெதுவாக நீண்டு மறுபடி கம்பியானது. பீரங்கி விலகியது. இனி இறக்க வேண்டியதுதான். அவர் கை இறக்கவில்லை. இப்போது இறக்கினால் துறைமுகத்தை மறுபடி யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்துச் சுட்டுவிட்டால்? அதிகாரி இறக்குங்கள் என்றார். இருங்க சார் என்றார் இவர். இறக்குங்கள் பெரியவரே. இருங்க சார். கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே வரும்வரை கயிற்றை விடவில்லை. மேல்தட்டில் மனிதர்கள் எறும்பாகத் தெரிந்தார்கள், அதில் ஓர் எறும்பு குன்றைப் பார்த்து நின்றது. அப்புறம்தான் ஒவ்வொரு பிடியாக, பாதிக்கு இறக்கினார்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்த மகன் காலையில் விட்ட சாப்பாட்டைத் தொடவில்லை.

“அப்பா, நான் குண்டு ஒண்ணைக் கையில எடுத்துட்டேன்பா.”

“தெரியும். சாப்பிடு,” என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. ஒரு மாசம் கழித்து விசாரணை வைத்தார்கள். தலைமை அலுவலகத்துக் குமாஸ்தாக்கள் மூன்று பேரும் வந்து ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: அரைக்கம்பம் பற்றி நாங்கள் ஃபோன் போட்டதே நடுப்பகலில்தான். அதற்கு முன்னால் குன்றுக்கு நாங்கள் யாரும் பேசவில்லை.

அப்படியானால் காலையில் பேசியது யார்? கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கயிற்றுக்காரரை எழுப்பி, கேட்டது அரையா தரையா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றார்கள். விழுந்தது தரை, சொன்னது அரை என்றார் அவர். சொன்னவர் யாரென்றே தெரியாதபோது என்ன சொன்னார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அப்போதும் அவர் பேச்சை மாற்றவில்லை. கடைசியில் எல்லோருக்கும் தோதாக, வயதின் காரணமாகக் காது மந்தம் என்று எழுதிக்கொண்டு, பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

காது டாக்டர் அவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, அறையின் மறுகோடியில் நின்று முணுமுணுத்தார். மரை என்றார், இவர் மரை என்றார். கரை என்றார், கரை என்றார். அரை, தரை, நரை, எதுவும் தப்பவில்லை. பக்கத்து அறையில் நர்ஸ் மூக்கை உறிஞ்சியதைக்கூடச் சொன்னார். இருபது வயதுக்காரன் காது என்று டாக்டர் முதுகில் தட்டி அனுப்பிவைத்தார்.

வெளியே மனைவி பெஞ்சில் காத்திருந்தாள். இருவரும் துறைமுகத்து ரோட்டில் நடந்தார்கள். கொஞ்சதூரம் போனதும் அவள் நின்றாள்.

“ஏங்க, காது நல்லாயிருக்குன்னா, அன்னிக்கு அவன் சொன்னது...”

“அரை,” என்றார்.

“அப்ப அந்தக் குமாஸ்தாக்கள் ஏன்...”

“அரைதான். வேகமா நட. பொழுது சாயப்போகுது, கொடி இறக்கணும்.”

குன்றின்மேல் ஃபோன் அடித்துக்கொண்டிருப்பது கீழ்ரோட்டுக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும், அந்தக் காதுக்குக் கேட்காமல் இருக்காது. ஆனால் அந்த ஃபோனுக்காக அவர் நடையை எட்டிப்போடவில்லை.