நாலாம் துண்டு

அன்று நல்லூரில் ஒரு ரியூசன் வகுப்புக் கொட்டிலில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஒரு காலத்தில் எங்களுக்குப் புத்தகம் வாடகைக்குத் தந்த அக்கா. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கி விற்கும் அண்ணை. குருநகரில் மீனுக்கு ஐஸ் விற்கும் ஒருவர். ஐந்தாவது ஆள் நான். கதவைத் திறந்துவிட்டுப் போன மாஸ்ரரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் குதிரைப் புத்தகம் வாசித்தவரில்லை.

எங்கே போனாலும் ஆட்களை எண்ணுவதும் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதும் என் பழக்கம். அன்றைக்கும் வாசலுக்குக் கிட்டக் கிடந்த மர வாங்கில்தான் உட்கார்ந்திருந்தேன். கொடிகாமத்தில் என் கடையைப் பூட்டியபோது பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். பஸ் ஏறிய பிறகு பூட்டியது நினைவில் இருந்தது, இழுத்துப் பார்த்தது நினைவில் இல்லை. நல்லூர் வந்து இறங்கும்வரைக்கும் அதே யோசனை. அது போதாதென்று என் கைப்பையில் ஒரு கடதாசி உறையும் இருந்தது. அதற்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் குதிரைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குதிரைப் புத்தகம் என்பது நாங்கள் வைத்த பெயர். நெடுந்தீவில் திரிகிற மட்டக்குதிரை ஒன்று தவறுதலாக ஒரு வள்ளத்தில் ஏறி இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு ஊருக்குப் போகும். அங்கே எதையாவது தின்னும், எதையாவது உடைக்கும், காணாமல்போன ஒரு பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். மொத்தம் இருபத்தேழு புத்தகங்கள். எழுதியவர் பெயர் ஒன்றிலும் இல்லை. ஆணா பெண்ணா என்று இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் வந்தவை பள்ளிக்கூடக் கொப்பித்தாளில் அச்சடித்தவை. யுத்தத்தால் வேறு கடதாசி கிடைக்காத காலம். கோடு போட்ட தாளிலே, கோட்டுக்கு மேலும் கீழுமாக எழுத்துகள் ஓடும்.

"நான் அந்த நீலக் கோட்டையெல்லாம் கடல் எண்டு நினைச்சனான்," என்றார் வெங்காய அண்ணை. "கடைசியிலை குதிரை கடலுக்குப் போகப்போகுது, அதுதான் தாளிலை தண்ணி கீறியிருக்கினம் எண்டு."

"எங்கடை அம்மா ஒருக்கா பங்குச் சுவாமியிட்டையே போனவா," என்றார் குருநகர்க்காரர். "ஆறாம் புத்தகத்திலை குதிரை எங்கடை கோயில் பீடத்துப் பூவைத் திண்டுபோட்டுது எண்டு முறைப்பாடு."

"சுவாமி என்ன சொன்னவர்?"

"பிள்ளை, நான் ஏழாம் புத்தகத்துக்குத்தான் காத்திருக்கிறன் எண்டாராம்."

வெங்காய அண்ணைதான் என்னை இதற்குள் இழுத்தவர். என் கடைக்கு வெங்காயம் போடுகிறவர். ஒருநாள் சாக்கை இறக்கிவிட்டு, போனில் ஒரு பழைய அட்டைப்படத்தைக் காட்டி, "தங்கச்சி, உது என்ன எண்டு தெரியுதோ?" என்று கேட்டார். நான் தராசைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அப்படித்தான் குதிரைப் புத்தகம் வாசித்தவர்களின் போன் குழுவில் சேர்ந்தேன். சேர்ந்தேனே தவிர ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதினால் பிடிபட்டுவிடுவேன் என்ற பயம்.

பயத்துக்குக் காரணம், அக்கா புத்தகம் கொடுத்த முறை. புதிய புத்தகம் வந்தால் அவருக்கு ஒரு பிரதிதான் கிடைக்கும். வாசிக்கவோ நாற்பது பிள்ளைகள். அக்கா தையலைப் பிரித்து, புத்தகத்தை நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் பழைய கலண்டர் மட்டையில் அட்டை போட்டு நூலால் கட்டிவிடுவார். ஒரு துண்டுக்கு வாடகை இருபத்தைந்து சதம். அதை முதலிலேயே கட்ட வேண்டும். சுணங்கினால் நாளுக்கு ஐந்து சதம் தண்டம். ஒன்று முடித்தால்தான் அடுத்தது. வீட்டுக்கு வீடு நாங்களே கைமாற்றிக் கொள்வோம். ஒழுங்காக நடந்தால் நல்ல முறை. ஒழுங்காக நடந்தால்தானே!

"எங்கடை ஒழுங்கை வீடுகளுக்கு எப்பவும் மூண்டு, ஒண்டு, நாலு, ரெண்டு எண்டுதான் வரும்," என்றார் வெங்காய அண்ணை. "குதிரைக்குக் காயம் மாறும், பேந்து ஊருக்குள்ளை வரும், பேந்து எல்லாரும் அழுது வழியனுப்புவினம், அதுக்குப் பிறகுதான் காயம் வரும். கதை எண்டால் உப்பிடித்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இப்பவும் படம் பாக்கேக்கை மனுசி பேசுவா, என்னத்துக்கு நடுவிலை இருந்து போடுறியள் எண்டு."

அக்கா சிரிக்கவில்லை. "உங்கடை ஒழுங்கை எப்பவும் குழப்பந்தான்," என்றார். "நான் இலக்கம் போட்டுத் தந்தனான். இலக்கம் பாக்கத் தெரியாத ஆள் இண்டைக்கு வெங்காயம் நிறுக்கிறார்."

பிறகு பேச்சு இருபத்தேழாம் புத்தகத்துக்கு வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும். கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதுதான் கடைசிப் புத்தகம். குதிரைக்கு வயதாகிவிட்டது, கண்ணும் மங்கல். பிறந்த தீவுக்குத் திரும்பப் பார்க்கிறது. மூன்றாம் துண்டின் கடைசி வரியில் வள்ளத்தைப் பெரிய அலை ஒன்று அடிக்கிறதாம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. அக்காவே வாசிக்குமுன் நாலாம் துண்டு காணாமல் போய்விட்டது. கொஞ்ச நாளில் இடம்பெயர்வு வந்து எல்லாரும் எங்கெங்கோ போனார்கள். அச்சகமும் இல்லாமல் போனது.

"அது எனக்கு வரவேண்டிய துண்டு," என்றாள் வங்கிப் பெண். "எங்கடை வீடு பள்ளிக்கூடத்துக்கு நேர் முன்னாலை. நான் மூண்டை வாசிச்சுப்போட்டு வாசலிலையே நிண்டனான். நாலைக் கொண்டுவாற பெட்டையிட்டை மூண்டைக் குடுத்து மாத்தவேணும். எத்தினை நாள் நிண்டனான் தெரியுமோ? தம்பி, குதிரை கடலுக்குள்ளை தாண்டு செத்துப்போச்சுது எண்டு அழுதழுது காய்ச்சல் வந்து படுத்தவன். உவள் ஆரெண்டு தெரிஞ்சால் இண்டைக்கும் ரெண்டு கேள்வி கேப்பன்."

"அந்தப் பெட்டை ஆர் அக்கா?" என்று கேட்டார் குருநகர்க்காரர்.

"கடைக்காரர் ஒராளின்ரை மகள். முகம் நினைவில்லை. ஒல்லிப் பெட்டை," என்றார் அக்கா.

நான் இப்போது ஒல்லியில்லை. அதற்காக அன்றைக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் ஒருநாள் பின்னேரம் அக்காவிடம் இருபத்தைந்து சதம் கட்டி நாலாம் துண்டை வாங்கிக்கொண்டு வந்தேன். நான் இரண்டுவரை வாசித்திருந்தேன், மூன்று இந்த வங்கிப் பெண்ணிடம் இருந்தது. அவளிடம் நாலைக் கொடுத்து மூன்றை வாங்க வேண்டும். வழியிலேயே ஆள் வந்தது, அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஐயா வரச்சொன்னார் என்று. ஐயா அம்மாவோடு நின்றதால் அடுத்த நாள் கடையைத் திறக்க ஆள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை, நான்தான் திறந்தேன். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. ஒருவரும் நிற்பாட்டியதாகச் சொல்லவில்லை. நான் போகவில்லை, அவ்வளவுதான்.

துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் வீடு பள்ளிக்கூடத்துக்கு முன்னால். எல்லாரும் வெள்ளைச் சட்டையோடு உள்ளே போகும் நேரம், நான் வீட்டுச் சட்டையோடு அவள் வாசலில் நிற்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று வைத்தேன். நாளைக்கு என்றால் ஐந்து சதம். நாளையின்றைக்கு என்றால் பத்து. தண்டம் ஏற ஏறப் பயமும் ஏறியது. இடம்பெயரும்போது அரிசி மூட்டையை விட்டுவிட்டுப் போனோம், இந்தத் துண்டை விடவில்லை.

ஒரு கட்டத்தில் வாசித்தேன். எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன். முடிவு எனக்கு மனப்பாடம். மூன்றாம் துண்டுதான் தெரியாது. நாலாவதின் முதல் வரியிலேயே குதிரையின் கழுத்தில் ஒரு பள்ளிக்கூட மணி தொங்குகிறது. அது எப்படி வந்தது, யார் கட்டினார்கள் என்று ஒரு விளக்கமும் இல்லை. முப்பது வருசத்துக்கு மேல் அந்த மணி எனக்குள்ளே கிடந்தது. சாமான் கட்டும்போது யோசிப்பேன். கோயில் மணி அடித்தால் யோசிப்பேன். குதிரை திருடியதா? யாராவது கோபத்தில் கட்டினார்களா?

கொட்டிலில் ஆளாளுக்கு ஒரு முடிவு சொன்னார்கள். குருநகர்க்காரர் குதிரை நீந்திக் கரையேறியிருக்கும் என்றார். "குதிரை நல்லாய் நீந்தும். நான் கண்டிருக்கிறன்." எங்கே கண்டது என்று அண்ணை கேட்டதற்கு, "கண்டதெண்டால் கண்டதுதான்," என்றார். வங்கிப் பெண் தலையை ஆட்டினாள். மூழ்கித்தான் போயிருக்கும், தன் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தாளாம்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டும். வந்தவுடனேயே ஒவ்வொருவரும் கடைசிப் புத்தகத்தில் எதுவரை வாசித்தோம் என்று சொன்னபோது, நான் இரண்டாம் துண்டுவரை என்று சொல்லித் தப்பியிருந்தேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மூன்றாம் துண்டை முழுதாக வாசித்த ஒருத்தி என் முன்னால் ஒரு கை தூரத்தில் இருக்கிறாள். இனி எப்போது கிடைப்பாள்?

"அந்த மணியை ஆர் கட்டினது?" என்று கேட்டுவிட்டேன்.

வங்கிப் பெண் உடனே முகம் மலர்ந்து சொல்லத் தொடங்கினாள். "அது பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒண்டு..."

"நில்லும்," என்றார் அக்கா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "மணி வாறது மூண்டாந் துண்டிலை. நீர் ரெண்டோடை நிண்டனீர் எண்டு சொன்னனீர். ரெண்டோடை நிண்ட ஆளுக்கு மணி எப்பிடித் தெரியும்?"

எழும்பி ஓடத்தான் நினைத்தேன். வாசல் கிட்டத்தான் இருந்தது. ஆனால் ஓடினால் மணியைக் கட்டியது யார் என்று தெரியாமலே போய்விடும். அந்த எண்ணம்தான் என்னை வாங்கில் பிடித்து வைத்தது. கைப்பையைத் திறந்து, உறைக்குள் இருந்த நாலாம் துண்டை மேசையில் வைத்தேன்.

அதன் கலண்டர் மட்டை மடிப்பிலே கிழிந்திருந்தது. நூல் அக்கா கட்டிய அதே நூல்.

வங்கிப் பெண்தான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்ப, அது நீர்தான்."

"ஓம்."

"ஏன் வரேல்லை?"

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கடையைப் பற்றிச் சொன்னேன். வெள்ளைச் சட்டையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அதை அதற்கு முன் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவள் கேட்பதாகச் சொன்ன இரண்டு கேள்வியில் ஒன்றுதான் கேட்டாள். இரண்டாவதைக் கேட்கவில்லை.

"வாசியும்," என்றாள். "சத்தமாய் வாசியும்."

"முதல் நீங்கள் மூண்டைச் சொல்லுங்கோ," என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. "ஒழுங்கு அதுதானே."

"அப்பிடிச் சொல்லு தங்கச்சி," என்றார் வெங்காய அண்ணை. "வாழ்க்கையிலை ஒருக்காலாவது நான் மூண்டுக்குப் பிறகு நாலைக் கேக்கவேணும்."

அவள் சொன்னாள். முடிவுக்குத் துப்பு இருக்குமா என்று திரும்பத் திரும்ப வாசித்ததால் அவளுக்கு மூன்றாம் துண்டு அப்படியே பாடம். கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்று. குதிரைக்குக் கண் தெரியாது, பனி மூட்டத்தில் அது எங்கே நிற்கிறது என்று வள்ளக்காரருக்கும் தெரியாது. ஒரு சிறுமி பள்ளிக்கூட மணியைக் கழற்றிக் குதிரையின் கழுத்தில் கட்டிவிடுகிறாள், சத்தத்தை வைத்து அதைக் காப்பாற்றட்டும் என்று. மறுநாள் காலையில் அடிக்க மணி இல்லை. உள்ளே போகலாமா, நிற்பதா என்று தெரியாமல் பிள்ளைகள் எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள்.

இத்தனை வருசத்தில் நான் யோசித்த ஒரு விளக்கமும் அதற்குக் கிட்ட வரவில்லை. அந்தப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் வெளியே நின்றார்கள் என்று கேட்டேன். புத்தகத்தில் அது இல்லை என்றாள்.

பிறகு நான் நாலைப் பிரித்து வாசித்தேன். கோடு போட்ட தாள் மஞ்சளாகி, நீலக் கோடு மங்கிப் போயிருந்தது. குதிரை அலைக்குள் விழுந்து, எழுந்து, மணிச் சத்தத்தோடு இருட்டுக் கண்ணை வைத்துக்கொண்டு நீந்துகிறது. தீவில் நிற்கும் மற்றக் குதிரைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தண்ணீர் விளிம்புக்கு வருகின்றன. அவ்வளவுதான். முடிவு சின்னது.

குருநகர்க்காரர் மேசையில் தட்டினார். "நீந்தும் எண்டு சொன்னனானோ இல்லையோ?"

வங்கிப் பெண் கனடாவில் இருக்கும் தம்பிக்கு அழைப்பு எடுத்தாள். அங்கே விடியற்காலை. வேலைக்குப் போகும் வழியில் இருந்தான் போல. "குதிரை தப்பீட்டுதடா," என்றாள். பிறகு, "அது எனக்கு அப்பவே தெரியுமக்கா," என்றான். "பொய்யன்," என்று சொல்லிவிட்டு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நான் உறையிலிருந்து ஆயிரம் ரூபாத் தாளை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். தண்டத்தைக் கடையின் கல்குலேற்றரில் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன், அறுநூறுக்குக் கிட்ட வரும்.

"உது என்ன கணக்கு?" என்றார் அக்கா. "புத்தகத்தின்ரை விலைக்கு மேலை நான் ஒருத்தரிட்டையும் தண்டம் எடுக்கிறேல்லை. விலை மூண்டு ரூபா." மட்டையைத் திருப்பிப் பென்சில் எழுத்தைப் பார்த்தார். "இருபத்தைஞ்சு சதம் கட்டியிருக்கிறீர். அதைக் கழிக்கவேணும்." பிறகு வங்கிப் பெண்ணிடம் திரும்பினார். "மூண்டாந் துண்டு எங்கை பிள்ளை?"

"அது... இடம்பெயரேக்கை..."

"அப்ப உமக்கும் தண்டம் இருக்கு."

வெங்காய அண்ணை வாங்கில் விழுந்து சிரித்தார். நான் கைப்பையின் அடியில் துழாவி மூன்று ரூபாவுக்குக் குற்றிக் காசு எடுத்து வைத்தேன். அக்கா ஒரு விரலால் அவற்றைத் திருப்பித் தள்ளினார். மிச்சம் தர அவரிடம் சதக் காசு இல்லை. இப்போது ஒருவரிடமும் இல்லை. தனக்கு வரவேண்டியதற்கு மேலே ஒரு சதமும் வாங்க மாட்டாராம், அந்தக் காலத்திலும் வாங்கியதில்லையாம்.

நாலாம் துண்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். கடைப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. நான் இன்னும் அக்காவுக்குக் கொடுக்க வேண்டியது இரண்டு ரூபா எழுபத்தைந்து சதம்.